நாடி பார்க்கும் கடிகாரத்துக்கு ஒரு முள்

வீட்டில் இருக்கிற சாமான்களிலேயே நாம் அதிகம் பார்ப்பதும், அதிகம் கவனிக்காததும் கடிகாரம்தான். குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம், பள்ளிக்கூட வேன் வரும் நேரம், பெரியவர்களுக்கு மாத்திரை நேரம் எல்லாமே அதைப் பார்த்துத்தான் நடக்கிறது. ஆனால் அதில் ஒரு முள் மூன்றே மூன்று விநாடி தள்ளி நின்றால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், "ஒண்ணும் ஆகாது" என்றுதான் யாரும் சொல்வோம். எங்கள் வீட்டில் ஆகத்தான் பார்த்தது.

என் மாமனார் டாக்டர். சின்ன ஊரில் நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்தவர். 1964ல் வாங்கிய சுவிஸ் கைக்கடிகாரம் ஒன்றை, 2009ல் காலமாகும் வரை கட்டியிருந்தார். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். 'க்ரோனோகிராஃப்' என்று சொல்வார்கள். அதற்கு 'நேரத்தை எழுதுவது' என்று அர்த்தம். 1821ல் பாரிஸில் ரியூசெக் என்பவர் குதிரைப் பந்தயத்துக்காகச் செய்த கருவி, நிஜமாகவே டயலில் மைப்பொட்டு வைத்து நேரத்தைக் குறித்ததாம். அதிலிருந்து வந்த பெயர் இது.

மாமாவின் கடிகாரத்தில் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அழுத்தினால் நடுவில் இருக்கும் நீள முள் ஓடத் தொடங்கும். கீழ்ப் பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் நிற்கும். இன்னொரு தரம் அழுத்தினால் 12க்குத் திரும்பிவிடும். டயலின் ஓரத்தில் இருப்பவை மணிக்கணக்கு இல்லை, நாடிக் கணக்கு. முதல் துடிப்பை 'பூஜ்யம்' என்று வைத்து முள்ளை ஓடவிட்டு, 30 துடிப்பு எண்ணி நிறுத்தினால், முள் காட்டும் எண்தான் நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்பது. 20 விநாடியில் நின்றால் அங்கே 90 என்று இருக்கும்; 25ல் 72; 30ல் 60. பெருக்கல் வகுத்தல் ஒன்றும் வேண்டாம்.

அத்தைக்கு இப்போது 84 வயசு. அந்தக் காலத்தில் கிளினிக்கில் மாமாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்தவர். இருதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் அவருக்கு 'டிஜாக்சின்' என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மருந்தாக இருக்கும் அளவுக்கும், கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகவும் குறைந்த மாத்திரை அது. "தினம் நாடி பாருங்கம்மா. 60க்குக் கீழே இருந்தா மாத்திரை போடாம எனக்கு போன் பண்ணுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரலில் மாட்டுகிற கருவியும் வீட்டில் உண்டு. ஆனால் அத்தையின் விரல் எப்போதும் ஜில்லென்று இருக்கும். கருவி சில நாள் எண் காட்டும், சில நாள் காட்டாது. அதனால் அவருக்கு நம்பிக்கை மாமாவின் கடிகாரத்தில்தான்.

2022ல் அந்த நீள முள் கழன்று விழுந்துவிட்டது. பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்து வேறு முள் போட்டு வாங்கினோம். முதலில் சரியாகத்தான் நின்றது. சில மாதம் கழித்துப் பார்த்தால், 12ல் நிற்க வேண்டிய முள் கொஞ்சம் பின்தங்கி, 57வது விநாடிக் கோட்டில் நின்றது. கடையில் போய்ச் சொன்னதற்கு, "பழைய வாட்ச்சும்மா. மூணு விநாடிதானே? ஒண்ணும் ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் அத்தை சாப்பாட்டை ஒதுக்கினார். வயிற்றைப் புரட்டுகிறது என்றார். நாடி பார்த்தார். முள் 60ல் நின்றது. மாத்திரையைக் கையில் எடுத்தவர், "இல்லேம்மா, எனக்குச் சரியாப் படலை. நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே முழுசா ஒரு நிமிஷம் எண்ணு" என்றார். எண்ணினேன். 54 தான் வந்தது!

கணக்கு இதுதான். முள் மூன்று விநாடி பின்னால் இருந்து புறப்படுகிறது. 30 துடிப்புக்கு நிஜமாக 33 விநாடி ஆகியிருக்கிறது. முள்ளோ 30ல் நின்று 60 என்கிறது. அதாவது "மாத்திரை போடலாம்" என்கிறது. டாக்டருக்கு போன் செய்தோம். "இன்னிக்கு மாத்திரை வேண்டாம், உடனே அழைச்சுட்டு வாங்க" என்றார். ரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரையின் அளவைக் குறைத்தார். நாலைந்து நாளில் அத்தை பழையபடி ரசம் சாதம் கேட்க ஆரம்பித்தார். டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குப் பாதி எண்ணிப் பெருக்குவது போதாது, எப்போதும் முழு நிமிஷம் எண்ண வேண்டும்.

"அதுக்காக முள் கோணலா நிக்கணுமா? நீ போய்ச் சரி பண்ணிட்டு வா" என்றார் அத்தை.

திருச்சியில் வயதான பாய் ஒருவர் பழைய கடிகாரங்கள் மட்டும் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு எடுத்துக்கொண்டு போனேன். பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்ததும், "லாண்டரான் 48ம்மா, நல்ல மெஷின். முள்ளுதான் இதோடது இல்லே. கோந்து வெச்சு ஒட்டியிருக்காங்க" என்றார். எனக்கும் லென்ஸைக் கொடுத்துக் காட்டினார்.

முள் என்றால் நமக்கு ஒரு தகட்டுத் துண்டு. அதன் அடியில் பித்தளையில் ஒரு குட்டிக் குழாய் இருக்கிறது. நீள முள்ளின் குழாய் ஓட்டை, நாலு தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தாற்போல் அவ்வளவுதான். இப்போதைய கடிகாரங்கள் பலவற்றில் உள்ள வால்ஜூ 7750 என்ற மெஷினில் இது கால் மில்லிமீட்டர். மணி முள்ளுக்கு 2 மில்லிமீட்டர், நிமிஷ முள்ளுக்கு 1.2. மெஷினுக்கு மெஷின் இந்த அளவு மாறும். நீளமும் நிறமும் ஒத்துப் போகிறதே என்று வேறு மெஷினின் முள்ளைப் போட்டால் ஒன்று இறங்காது, இல்லாவிட்டால் ஆடும்.

"ஆடினா என்ன பாய்? கோந்துதான் பிடிச்சுக்குமே?" என்று கேட்டேன்.

சிரித்தார். நீள முள் நிற்கும் அச்சில், இருதய வடிவத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. கீழ்ப் பொத்தானை அழுத்தும்போது ஒரு சுத்தியல் வந்து அந்த இருதயத்தின்மேல் விழும். இருதயம் எங்கே இருந்தாலும் சறுக்கிச் சுழன்று, அதன் பள்ளம் சுத்தியலுக்கு நேரே வந்துதான் நிற்கும். 1844ல் அடால்ஃப் நிக்கோல் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கண் இமைக்கிற நேரத்தில் அச்சு சடக்கென்று திரும்பி நிற்கிறது. முள் இறுக்கமாக இல்லாவிட்டால், அச்சு நின்ற பிறகும் முள் வேகத்தில் ஒரு இழை கூடப் போய்விடும். 30 விநாடிக்குள் நிறுத்தினால் முள் வந்த வழியே பின்னோக்கித் திரும்புகிறது. அத்தை தினமும் அப்படித்தான் நிறுத்தினார். தினமும் இழை இழையாகப் பின்னால் நழுவி மூன்று விநாடி ஆகியிருக்கிறது!

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். டயல் கீறாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்தார். இரண்டு பக்கமும் சின்ன நெம்புகோல் கொடுத்து முள்ளைச் செங்குத்தாகத் தூக்கினார். அச்சில் ஒட்டியிருந்த கோந்தைச் சுத்தம் செய்தார. பழைய லாண்டரான் 48 மெஷின் ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த முள்ளைத் தேர்ந்தெடுத்தார். அச்சின் அடிமுனைக்கு முட்டுக் கொடுத்தார். இல்லாவிட்டால் மேலே அழுத்தும்போது கீழே கல் உடைந்து போகுமாம். கீழ்ப் பொத்தானை அழுத்தி, சுத்தியல் இருதயத்தைப் பிடித்திருக்கும் நிலையில், முள்ளைச் சரியாக 12க்கு நேரே வைத்து மெள்ள மெள்ள இறக்கினார். பிறகு பக்கவாட்டில் கண் வைத்து, நிமிஷ முள்ளில் இடிக்கவில்லை, கண்ணாடியில் தொடவில்லை என்று பார்த்தார். கடைசியில் ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி, இப்படி இருபது தரம். ஒவ்வொரு தரமும் முள் 12ல் போய் நின்றது.

மணி முள்ளில் இருந்த பழுப்புப் பூச்சைக் காட்டி, "இதையும் சுரண்டி, புதுசா இருட்டில் ஒளிர்கிற மாதிரி செய்யலாமா?" என்றேன். "வேண்டாம்மா, ரேடியமா இருக்கலாம்" என்று கையை எடுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். 1960கள் வரை பல கடிகாரங்களில் ரேடியம் கலந்த பூச்சு உண்டு. ஒளி மங்கிவிட்டாலும் ரேடியம் போகாது. அது பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில், ஆரஞ்சு என்ற ஊரில், டயலுக்கு அந்தப் பூச்சைப் பூசிய இளம் பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்குவார்களாம். தாடை எலும்பு அரித்து, ரத்தம் குன்றி எத்தனையோ பேர் இறந்தார்கள். கிரேஸ் ஃபிரையர் முதலான ஐந்து பெண்கள் வழக்குப் போட்டு, 1928ல் சமரசமாக நஷ்ட ஈடு பெற்றார்கள். அதனால், பழைய கடிகாரத்தையோ கழற்றிய முட்களையோ குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். நாமாகத் திறந்து சுரண்டவும் வேண்டாம். அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் பெரிய ஆபத்து.

பழைய கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். முள் அந்த மெஷினுக்கு உரியதா? கோந்து இல்லாமல் தானாகப் பிடித்து நிற்கிறதா? பத்து இருபது தரம் திருப்பினாலும் 12ல் நிற்கிறதா? கடையிலேயே நின்று பார்த்து வாங்குங்கள். கழற்றிய முள்ளையும் கேட்டு வாங்கி, மூடியுள்ள டப்பியில் போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நாடிக்கு இந்த மாதிரிக் கடிகாரம்தான் வேண்டும் என்பதில்லை. விநாடி முள் உள்ள எந்தக் கடிகாரமும் போதும். கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை மெதுவாக வைத்து முழு நிமிஷம் எண்ணுங்கள். நம் கட்டை விரலால் பார்க்கக் கூடாது; நம் துடிப்பே குழப்பிவிடும். எந்த எண்ணுக்குக் கீழே மாத்திரை கூடாது என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. குழந்தைக்குச் சளி, இருமல் என்றால், அது அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60ம் அதற்கு மேலும், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40ம் அதற்கு மேலும் வந்தால் அது வேகமான மூச்சு. கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், உடனே கிளம்புங்கள்.