ஜமுனாபாரி குட்டி: விற்பதா, வளர்ப்பதா?

உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் இருக்கிறது சக்கர்நகர். யமுனையும் சம்பலும் ஓடும் இந்தப் பகுதி முழுக்க மழைநீர் அரித்த மண்மேடுகள், பள்ளங்கள், முள்மரங்கள். இதுதான் ஜமுனாபாரி ஆட்டின் தாயகம். பெயருக்கே 'யமுனைக்கு அக்கரை' என்று பொருள். கிளிமூக்கு, நீண்டு தொங்கும் காதுகள், கறவைக்குப் பேர்போன இனம்.

இங்கே பெட்டைக்குட்டி பிறந்தால் கூடவே ஒரு கேள்வியும் பிறக்கிறது. நல்ல விலை வந்தால் விற்றுவிடுவதா, பாலுக்கு நிறுத்துவதா? நிறுத்தினால், முதல் ஈத்துக்கு ஏறக்குறைய 2 வருடம் ஆகும். அதுவரை தீவனச் செலவுதான், வரவு இல்லை.

முடிவெடுக்க முதலில் தாயைப் பார்க்க வேண்டும். தினமும் ஒன்றரை, இரண்டு லிட்டர் கறக்கிறதா? மடி உறுதியாக இருக்கிறதா? பாதி குணம் கிடாவிடமிருந்து வருவதால், கிடாவின் தாய் எவ்வளவு கறந்தது என்றும் விசாரிக்க வேண்டும். குட்டிக்குக் காம்பு இரண்டுதானா, கூடுதல் காம்பு ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது அவசியம்.

சிக்கல் என்னவென்றால், வியாபாரியின் கண்ணிலும் அதே குட்டிதான் படும். நல்ல ஆடுகள் வெளியூர் போகப்போக, சொந்த மண்ணிலேயே தூய ஜமுனாபாரி குறைந்துவிட்டது. கிடாக்குட்டிகளை விற்றுச் செலவைச் சமாளித்து, நல்ல கறவையின் பெட்டைக்குட்டியை நிறுத்தினால் வீட்டுக்கும் பால், இனத்துக்கும் வாழ்வு.