முகம் திருத்திய கதை

ஐம்பத்தேழு வயதுப் பெண் ஒருத்தி, அதுவும் ஊரில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள், தன் முகத்தைச் சத்திரசிகிச்சையால் அழகுபடுத்திய கதையைப் பத்திரிகையில் எழுதலாமா என்று பல நாட்கள் யோசித்தேன். இக்காரியத்தை மறைவாகச் செய்துகொண்டவர்களும் செய்ய எண்ணியிருப்பவர்களும் எம்மவரிடையே வேறும் சிலர் உள்ளனர் என்பதை அண்மையில் அறிந்தேன். ஆகவே எழுதுகிறேன். பெயர் போடவில்லை, கண்டுபிடிப்பவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

2013 ஆம் ஆண்டு நான் சென்னைக்குப் போய் ‘ஃபேஸ் லிஃப்ட்’ எனப்படும் முகத்தோலை உயர்த்தும் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். சிட்னியில் அயலவர்களுக்குச் சிதம்பரத்தில் நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டே புறப்பட்டேன். கணவருக்கு மட்டும் உண்மை தெரியும். “உமக்கு விருப்பமெண்டால் செய்யும்” என்பதற்கு மேல் அவர் ஒன்றும் கூறவில்லை. அந்தப் பணத்தில் வவுனியாவில் இருந்த என் தம்பியின் மனைவிக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுத்திருக்கலாம் என்பதையும் அவர் கூறவில்லை. அதை நானே எனக்குக் கூறிக்கொண்டேன்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் தம்பியும் அவனுடைய மூத்த பிள்ளையும் போன பின்னர், சில மாதங்களில் பதினாறு கிலோ குறைந்து போனேன். உடல் பின்பு ஓரளவு தேறியது, முகம் தேறவில்லை. கன்னத்துத் தசை தாடையோரம் பையாகத் தொங்கியது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, திருமணம் என்று எங்கு போனாலும், என்னைக் காண்பவர்கள் முதலில் கையைப் பிடிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்துவார்கள். அவர்கள் நல்ல மனத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் என் முகம் ஒரு மரண அறிவித்தலாகி, நான் போகுமிடமெல்லாம் அதைக் கொண்டு திரிவதாக எனக்குப் பட்டது. அதை எடுத்துவிட வேண்டுமென்று ஆசைப்பட்டேன். அழகாசை அதில் கொஞ்சமும் இல்லை என்று சொன்னால், அது பொய்.

சென்னையில் எல்லாம் விரைவாக நடந்தன. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள்தான் வைத்தியரைக் கண்டேன். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்து விமானம் ஏறினேன். வீக்கம் வற்றியதும் முகம் உண்மையாகவே நன்றாக இருந்தது. “சிதம்பரம் போய் வந்த பிறகு முகத்தில் ஒரு களை” என்று கோயிலில் ஒரு அம்மா கூறினார். எல்லோருக்கும் திருநீறு கொடுத்தேன்.

அந்தக் களை ஏழெட்டு ஆண்டுகள் இருந்தது. பிறகு கன்னம் மீண்டும் இறங்கியது. அது இயற்கைதான், சத்திரசிகிச்சை மணிக்கூட்டைப் பின்னோக்கித் திருப்புமேயொழிய அதை நிறுத்துவதில்லை. நான் அறியாதிருந்தது காதைப் பற்றியது. என் காதுச்சோணைகள் இரண்டும் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி இழுபட்டு, தாடைத் தோலோடு ஒட்டிப்போயின. சோணைக்கும் கன்னத்துக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு வளைவு மறைந்துவிட்டது. வெள்ளைக்காரப் பெண்கள் தலைமயிரால் இதை மறைத்துவிடுவார்கள். தலையை வாரிக் கொண்டை போட்டுத் தோடு அணியும் நாங்கள் எப்படி மறைப்பது? “அம்மா, உங்கட தோடு ஏன் கன்னத்தில முட்டிக்கொண்டு நிக்குது?” என்று மகள் ஒரு கல்யாணப் படத்தைப் பார்த்துக் கேட்டபோது, தோடு பழசு, திருகு பிழை என்றேன்.

சென்ற ஆண்டு மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் இன்னொன்று நடந்தது. யாழ்ப்பாணத்தில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி, தன் பிள்ளைகளோடு என்னைக் கடந்து போனாள். நான் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அவள் என்னை நேரே பார்த்தும் பேசாது போய்விட்டாள். பிரசாத வரிசையில் நான் யாரிடமோ கதைக்கும்போதுதான் திரும்பி ஓடி வந்தாள். “ரீச்சரோ! குரலைக் கேட்டுத்தான் பிடிச்சனான்” என்றாள். முப்பது ஆண்டுகளில் எவர் முகமும் மாறும்; சத்திரசிகிச்சையின் மேல் பழி போடுவது நியாயமாகாது. ஆயினும் அன்றிரவு வெகுநேரம் கண்ணாடி முன் நின்றேன். அடுத்த வாரமே குடும்ப வைத்தியரிடம் போனேன்.

இந்த நாட்டில் விதிகள் இப்போது இறுக்கமாகியுள்ளன. அழகுச் சத்திரசிகிச்சைத் துறையில் நடந்த சீர்கேடுகளை 2021 இல் ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஃபோர் கோர்னர்ஸ்’ அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டு விசாரணை அறிக்கை வந்தது. 2023 ஜூலை 1 முதல், குடும்ப வைத்தியரின் கடிதமின்றி இத்தகைய சத்திரசிகிச்சைக்குப் போக முடியாது. குறைந்தது இரண்டு முறை கலந்தாலோசிக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே சம்மதக் கையொப்பம் வாங்கக் கூடாது. சம்மதித்த பின்னும் ஏழு நாட்கள் கழியாமல் நாள் குறிக்கவோ முற்பணம் வாங்கவோ கூடாது. அதே ஆண்டு செப்டெம்பரில், சத்திரசிகிச்சையில் முறையான நிபுணத்துவப் பதிவு பெறாதவர் ‘சேர்ஜன்’ என்று தம்மை அழைக்கக் கூடாதென்று சட்டமும் திருத்தப்பட்டது. அதற்கு முன் எந்த வைத்தியரும் ‘கொஸ்மெற்றிக் சேர்ஜன்’ என்று பலகை தொங்கவிடலாம் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் சென்னையில் முதல் நாள் கண்டு மறுநாள் மேசையில் படுத்ததை நினைத்துக்கொண்டேன்.

நிபுணரிடம் போனபோது முதலில் ஒரு கேள்விப் பத்திரத்தைத் தந்தார்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் உங்கள் தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்பது ஒரு கேள்வி. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தியவள் நான். புள்ளி கிடைக்கும் விடை எதுவென்று உடனே தெரிந்தது. உண்மையையே எழுதினேன்.

நிபுணர் ஒரு கடதாசியில் படம் கீறி விளக்கினார். தோலுக்கு அடியில் தசையோடு சேர்ந்த ஒரு படலம் உண்டு. மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் 1976 இல் அதை விளக்கி எழுதிய பின்னர், அந்தப் படலத்தைத் தூக்கிக் கட்டி, மேலே தோலை இறுக்காமல் தைப்பதே நல்ல முறையாயிற்று. எனக்குத் தோலை மட்டும் இழுத்திருக்கிறார்கள். இழுவையின் பாரம் முழுவதையும் காதுச்சோணை தாங்கியது; அதுவும் இறங்கிவிட்டது. பிழை யாருடையது என்று வழக்காட எனக்கு விருப்பமில்லை. அவசரம் என்னுடையது.

இரண்டாம் முறை செய்வது முதல் முறையைப் போன்றதல்ல என்றார். உள்ளே பழைய தழும்பு படலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும். கத்தி போகும் வழி தெளிவாகத் தெரியாது. புருவத்தையும் வாயோரத்தையும் அசைக்கும் முகநரம்பின் கிளைகள் அங்கேதான் ஓடுகின்றன. வெட்டி எறிய உபரித் தோலும் அதிகமில்லை. செலவு இருபதினாயிரம் டொலருக்கு மேல். அழகுக்காக மட்டும் செய்வதற்கு மெடிகெயார் ஒரு சதமும் தராது. காதுச்சோணையை மாத்திரம் பிரித்து வளைவை அமைப்பதென்றால், அவ்விடத்தை விறைக்கச் செய்து, சிறு சிகிச்சையாக முடிக்கலாம். ஆனால் எம்மைப் போன்ற கறுத்த தோலுடையவர்களுக்குத் தழும்பு தடித்துக் கட்டியாக வளரும் இயல்பு கூடுதலாக உண்டு. காதுச்சோணை அதற்குப் பேர் போன இடம். காது குத்திய இடத்தில் முன்பு அப்படி வந்ததா என்று கேட்டார். வரவில்லை.

வீடு திரும்பும்போது ரயிலில் என் அம்மம்மாவின் தாயாரைப் பற்றி நினைத்தேன். அவருடைய காதுகள் பாரமான தோடுகளால் தோளைத் தொடுமளவு நீண்டிருந்தனவாம். காலம் மாறி நீண்ட காது நாகரிகக் குறைவென்றானபோது, அவற்றை வெட்டித் தைப்பித்தாராம். சுஸ்ருத சங்கிதையும் அறுந்த காதுச்சோணையைப் பொருத்தப் பதினைந்து வகை கூறுகிறது. சோணையே இல்லாதவருக்குக் கன்னத்துச் சதையை எடுத்து அமைக்கச் சொல்கிறது. புனேயில் ஒருவருக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்த செய்தி 1794 இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்து, அதைக் கொண்டு ஜோசப் கார்பியூ என்பவர் 1814 இல் அங்கே அதைச் செய்து பார்த்தார். இது வெள்ளைக்காரர் பைத்தியம் என்று சொல்பவர்களிடம் இதைக் கூறுவேன். முகத்தைத் திருத்துவது எம்மவருக்கும் பழைய தொழில்தான். அதனால் எனக்கு அது தேவை என்றாகிவிடாது. அது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை காண இரண்டு மாதங்கள் சென்றன. 2013 இல் நான் மறைக்க நினைத்தது இப்போது என் முகத்தில் இல்லை. இப்போதிருப்பது வெறும் வயது. யாரும் என் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்துவதில்லை; மூட்டுவலிக்கு என்ன எண்ணெய் பூசுகிறீர்கள் என்றே கேட்கிறார்கள். தொங்கும் கன்னத்துக்காக வாயோர நரம்பைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை. அந்த வாயால்தான் இன்றும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக் கொடுக்கிறேன். காது வேறு. தோடு நேராகத் தொங்க வேண்டும். அம்மா கழற்றித் தந்த தோடு அது.

ஆகவே அடுத்த மாதம் இரண்டாம் சந்திப்புக்குப் போகும்போது, காதை மட்டும் என்று சொல்லப் போகிறேன். தழும்பு தடித்தால் மருந்து ஊசி போடலாமாம். ஆறும்வரை தோடில்லாமல் இருக்க வேண்டும். எவ்வளவு காலமென்று அன்று சொல்வார்கள்.

தோடில்லாமல் திரிவதற்கு மகளிடம் காரணம் சொல்ல வேண்டுமே. கடந்த ஞாயிற்றுக்கிழமை அவளை இருத்தி, சென்னைக் கதை முழுவதையும் சொன்னேன். அழுவாள், அல்லது கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகுநேரம் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அந்தச் சிதம்பரத் திருநீறு?” என்றாள்.

“மயிலாப்பூரில வாங்கினது” என்றேன்.