கரிஜினி: அருவியும் ஒரு எச்சரிக்கையும்

ஆஸ்திரேலியா என்றதும் பலருக்கும் சிட்னி, கங்காரு, கிரிக்கெட் இந்த மூன்றும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே கரிஜினி என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. பெர்த் நகரிலிருந்து வடக்கே சாலை வழியாகச் சுமார் 1,400 கிலோமீட்டர். காரில் போனால் இரண்டு நாள்! பக்கத்து ஊரான டாம் பிரைஸ், இரும்புத் தாதுச் சுரங்கத்துக்காக உருவான ஊர்.

போய் இறங்கியதும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். செம்மண், முள் போன்ற புல், வெயில். இங்கே எங்கே அருவி? இன்னும் நாலு அடி நடந்தால் தரை சட்டென்று பிளந்து, காலுக்குக் கீழே ஆழமான மலையிடுக்கு தெரியும். அடுக்கடுக்கான அந்தச் சிவப்புப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை.

ஃபார்டெஸ்கியூ அருவியில் ஊற்று நீர் வருவதால் வறண்ட மாதங்களிலும் தண்ணீர் விழும். அதற்குச் சற்று மேலே ஃபெர்ன் பூல் என்ற குளம். இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அது புனிதமான இடம். சத்தம் போடாமல் மெதுவாக இறங்கிக் குளிக்கச் சொல்கிறார்கள்.

காட்டுநடைக்கு அங்கே ‘புஷ்வாக்கிங்’ என்று பெயர். எளிய பாதையும் உண்டு, ஹான்காக் இடுக்கு போன்ற கடினமான பாதையும் உண்டு. அங்கே ஏணியில் இறங்கி, தண்ணீருக்குள் நடந்து, ஓரிடத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் கை கால்களை ஊன்றிச் சிலந்தி போல நகர வேண்டும். வெயில் எட்டாத இடம் என்பதால் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும்.

ஆபத்தும் இங்கேதான். இடுக்குக்குள் நிற்பவருக்குத் தெரிவது தலைக்கு மேலே ஒரு துண்டு வானம் மட்டுமே. அது நீலமாகவே இருக்கும், ஆனால் எங்கோ தொலைவில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். ஓடி ஏற வழியிருக்காது. 2004-ல் இந்த ஹான்காக் இடுக்கில் சிக்கிய ஒருவரை மீட்கப் போன தன்னார்வலர் ஜிம் ரீகன் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தார். உள்ளே இருக்கும் ஒரு குளத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

அங்கே பெரும்பாலான இடங்களில் செல்பேசி சிக்னல் கிடையாது. உதவி வரச் சில மணி நேரம் ஆகலாம். அப்படி வருகிறவரும் தன் உயிரைப் பணயம் வைத்துத்தான் வருகிறார்.

எனவே நண்பர்களே, எந்த ஊர் அருவிக்குப் போனாலும் எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள். ‘இதெல்லாம் சும்மா எழுதி வைப்பது’ என்று தாண்டிப் போகிறவருக்காக, வேறு ஒருவர் தண்ணீரில் இறங்க வேண்டி வரும்.