கைக்குழந்தையோடு கடலோரக் கூடாரம்

வீட்டிலே குழந்தை பிறந்துவிட்டால் பிரயாணப் பெட்டி பரணில் ஏறிவிடுகின்றது. பிள்ளை நடக்கட்டும், பேசட்டும் என்று ஆண்டுகள் கழிகின்றன. ஆயினும் திருகோணமலைக் கடற்கரைக்குக் கைக்குழந்தைகள் புதியவர்கள் அல்லர். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களின் மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். மனைவி மக்களோடு வந்து தங்கியோரும் உண்டு. அந்த ஓலை வாடிகளிலே ஏணையில் உறங்கி வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்!

எமது எட்டு மாத மகளையும் மூத்த பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வடக்கேயுள்ள நிலாவெளியில் இரண்டு இரவு தங்கப் புறப்பட்டோம். "பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோய் வெளியிலே கிடத்தப் போறியளோ, தம்பி?" என்று எமது தாயார் கலங்கினார். அவரது அச்சம் நியாயமானதே. அதனைத் தீர்க்க வேண்டியது வார்த்தைகள் அல்ல, தக்க ஏற்பாடுகளே.

முதலாவது காலம். மே முதல் செப்ரெம்பர் வரை இக்கடல் அமைதியாயிருக்கும். ஒக்ரோபரில் மழை தொடங்கிவிடும். அமைதியான அம்மாதங்களிலேதான் வெப்பமான கச்சான் காற்றும் வீசும். நண்பகலில் கூடாரம் அடுப்பாகிவிடும். ஆகவே காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை குழந்தைக்கு மரநிழலே வீடு.

இரண்டாவது இடம். தென்னையின் கீழ் கூடாரம் அடித்தல் ஆகாது. தேங்காயும் மட்டையும் சொல்லிக்கொண்டா விழுகின்றன? நண்பர் ஒருவரின் வளவிலே வேப்பமர நிழலைத் தேர்ந்தோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையில் செய்த அழிவை மறத்தற்கில்லை. எனவே அலையோரத்தை விட்டு விலகித் தங்கினோம். உட்புறமாக மேட்டுநிலத்துக்குச் செல்லும் பாதையை மூத்த பிள்ளைகள் பகலிலேயே நடந்து பார்த்து வைத்தனர்.

மூன்றாவது நுளம்பு. மலேரியா அற்ற நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. ஆனால் டெங்கு நீங்கவில்லை. அந்நுளம்பு பகலிலே கடிப்பது. ஆதலால் பகல் உறக்கத்துக்கும் வலை வேண்டும்.

உணவோ எளிது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் தேவையில்லை. எட்டு மாதத்தவளுக்குத் தாய்ப்பாலோடு, அவ்வப்போது ஆக்கிக் குழைத்த சோறும் பருப்பும், கொதித்தாறிய நீரும் கொடுத்தோம்.

இரண்டாம் நாள் இரவு காற்று அடங்கிவிட்டது. நடுநிசியில் குழந்தை வீரிட்டு அழுதாள், உடம்பு சுட்டது. மனைவியின் முகம் வெளிறியது. உடல்வெப்பமானி 37.4 பாகை காட்டியது. 38 பாகையைத் தொட்டாலே சுரம். சட்டையைக் களைந்து, வெளியே எடுத்துவந்து பாலூட்டியபின் உடல் தணிந்தது. இருப்பினும் வாகனம் நகரின் வைத்தியசாலைக்குப் புறப்பட ஆயத்தமாகவே நின்றது. இலவச அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கமும் கையில் இருந்தது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குச் சுரம் கண்டால் விடியும்வரை காத்திருத்தலே கூடாது.

அவ்விரவுக்குப் பின் எவரும் மீண்டும் உறங்கவில்லை. விடியற்காலையில் குழந்தையைத் தோளிலிட்டுக் கரையோரம் நடந்தோம். கரைவலை இழுப்போரின் ஓசையைக் கேட்டு அவள் கைகொட்டினாள். தனியே வந்திருந்தால் அவ்வேளையில் நாம் போர்வைக்குள் இருந்திருப்போம்.

பவளப்பாறைகளுக்குப் பெயர்பெற்ற, 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவுக்குப் படகேறும் எண்ணத்தைக் கைவிட்டோம். அவள் அளவுக்கு மிதவைச் சட்டை கிடைக்கவில்லை. பதிலாகக் கன்னியா வெந்நீரூற்றுக்குச் சென்றோம். தன் தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்று ஐதிகம் கூறும் ஏழு கிணறுகளிலும் வெப்பம் சற்றுச் சற்றே வேறுபடும். தாய் முழங்கையால் பதம் பார்த்த நீரிலே மகளின் பாதங்கள் நனைந்தன.

கைக்குழந்தை வந்தால் பார்க்கும் இடங்கள் பாதியாகும். பார்த்த இடங்களோ நெஞ்சில் நிற்கும். விரும்புவோர் முதலில் ஓரிரவு சொந்த வளவிலேயே கூடாரம் அடித்துப் பாருங்கள். குழந்தை அங்கே உறங்கினால், கடற்கரையிலும் உறங்கும்.