ஓட்டுக்குள் ஓர் உயிர்



பங்குனி, சித்திரை மாதங்களில் நம் ஊர்க் குட்டைகளைப் பாருங்கள். நீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் நீர் தேங்கிய சில வாரங்களில் அதே இடத்தில் அல்லியும் கொட்டியும் பூத்து நிற்கும். அவற்றை யாரும் நடவில்லை. அவற்றின் கிழங்குகள் வறண்ட சேற்றுக்கடியில் மழைக்காகக் காத்திருந்தன.

அவற்றோடு, நாம் பறித்துச் சமைக்கும் ஆரைக்கீரையும் தளிர்க்கும். நீண்ட காம்பின் நுனியில் நான்கு சிற்றிலைகள் சிலுவைபோல் விரியும். அதற்குப் பூவுமில்லை, விதையுமில்லை. அது பெரணி இனத்தைச் சேர்ந்தது. காம்பின் அடியில் மிளகளவு சிறிய, கரும்பழுப்பு நிற உறைகள் தோன்றும். அடுத்த தலைமுறைக்கான வித்துகள் அவற்றுள் இருக்கின்றன. உறையின் ஓடு நீரையும் எளிதில் உள்ளே விடாத அளவுக்குக் கடினமானது. பலமுறை மழை பெய்தும் அது திறவாதிருக்கலாம். ஆயினும், தாவரவியலாளர் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உலர்த்தி வைத்திருந்த உறைகளிலிருந்தும் உயிர் துளிர்த்திருக்கிறது. ஓட்டில் சிறு கீறல் விழுந்து நீர் உட்புகுந்தால் போதும். சில மணி நேரத்துக்குள் கூழ்போன்ற இழை ஒன்று வித்துகளைச் சுமந்துகொண்டு வெளியே நீளும்.

உங்களில் சிலருக்கு, ஞாயிறு ஆராதனையில் அருகிலுள்ள இடம் வெறுமையாயிருக்கிறது. சிறு வயதில் வசனம் ஒப்பித்த மகன், இன்று ஜெபம் என்றாலே எழுந்து போகிறான். அவன் இருதயம் கல்லாகிவிட்டது என்று கண்ணீரோடு சொல்லுகிறீர்கள். ஆரையின் ஓடும் கல்லைப் போன்றதுதான். உயிர் அதற்குள்ளேதான் இருக்கிறது.

எசேக்கியேல் 36ஆம் அதிகாரத்தில் 25, 26 வசனங்களின் வரிசையைக் கவனியுங்கள். கர்த்தர் முதலில் நீர் தெளிப்பதைப் பற்றிச் சொல்லுகிறார். அதன் பின்னரே கல்லான இருதயத்தை எடுப்பதைப் பற்றிப் பேசுகிறார்.

ஓட்டைத் திறப்பது நம் கையில் இல்லை. ஆனால் குட்டையையே தூர்த்துவிட்டால் எந்த வித்தும் முளைக்காது. வீட்டுமனைக்காகத் தூர்க்கப்பட்ட குட்டைகளை நாம் கண்டிருக்கிறோமே! கடுஞ்சொற்களும் பழைய கணக்குகளும் பிள்ளைகள் திரும்பிவரும் வழியை அப்படியே தூர்த்துவிடும். ஆகையால் இந்த வாரம் அவனோடு பேசுகையில், ஆலயத்துக்குப் போனாயா என்று கேட்குமுன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அவனுக்காக ஜெபிப்பதை மட்டும் விடாதிருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் நேசிக்கிறவர்களின் கடினத்தைக் கண்டு நம்பிக்கை இழந்துபோகாதபடி எங்களைக் காத்தருளும். உம்முடைய மழை வரும் நாளில் அதற்கு இடங்கொடுக்கும் வீடாக எங்கள் வீட்டை வைத்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.