வெம்ப்ளி வரை வந்த சாம்ப்டோரியா

சாம்ப்டோரியாவின் ஜான்லூக்கா வியாலி என்றதும் அவர் போட்ட கோல்கள் எனக்கு முதலில் நினைவுக்கு வருவதில்லை. 1992 மே 20 அன்று லண்டன் வெம்ப்ளியில் அவர் தவறவிட்ட கோல்கள்தான் வருகின்றன. ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். பார்சிலோனா ஆரஞ்சுச் சட்டையில், சாம்ப்டோரியா வெள்ளையில். பார்சிலோனா கோல்கீப்பர் சுபிசரேட்டாவைத் தாண்டி வியாலி விட்ட பந்து தூணை ஒட்டியபடி வெளியே போகும். ஆட்டத்தின் பதிவை எத்தனை முறை போட்டாலும், இந்தத் தடவையாவது உள்ளே போய்விடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும். போகாது.

இந்த இரண்டு அணிகளுக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது. 1989இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டியின் இறுதியிலும் இதே பார்சிலோனாதான் 2-0 என்று சாம்ப்டோரியாவை வீழ்த்தியது. அங்கே க்ரைஃப், இங்கே போஷ்கோவ்; மூன்று வருடம் கழித்தும் பயிற்சியாளர்கள் அவர்களேதான். நடுவில் 1990இல் அதே போட்டியின் இறுதியில், கோதன்பர்கில் ஆண்டர்லெக்டை எதிர்த்துக் கூடுதல் நேரத்தில் வியாலி இரண்டு கோல் போட்டுக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். வெம்ப்ளியில் கோலே விழாமல் கூடுதல் நேரம் தொடங்கியபோது, ஜெனோவாவிலிருந்து வந்திருந்தவர்கள் கோதன்பர்கைத்தான் நினைத்திருப்பார்கள்.

சாம்ப்டோரியாவின் ஊரான ஜெனோவா துறைமுக நகரம். கிளப்பின் சின்னத்தில் இருப்பவரும் வாயில் புகைக்குழாய் வைத்த ஒரு மாலுமிதான். 1946இல் இரண்டு உள்ளூர் அணிகள் சேர்ந்து பிறந்த கிளப் இது. எண்ணெய் வியாபாரி பாவ்லோ மாந்தோவானி 1979இல் இதை வாங்கியபோது அணி இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1982இல் போலோன்யாவிலிருந்து 17 வயது ரொபெர்டோ மான்சினியைக் கூட்டிவந்தார். 1984இல் கிரெமோனாவிலிருந்து வியாலியை. பெரிய கிளப்புகள் பணத்தோடு வந்து நின்றபோதும் பையன்களை விற்கவில்லை. 1991 மே 19 அன்று லெச்சேயை 3-0 என்று வென்று சாம்ப்டோரியா இத்தாலிய லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த சீசனில் வியாலி அடித்தது 19 கோல், லீக்கிலேயே அதிகம்.

பட்டம் வென்ற சீசனைவிட அடுத்த சீசனே என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. 1991 ஆகஸ்டில் மான்சினியின் ஒற்றைக் கோலில் ரோமாவை வென்று இத்தாலிய சூப்பர் கோப்பை கிடைத்தது. அதன் பிறகு லீக்கில் சறுக்கல். கப்பெல்லோவின் மிலான் 34 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனது. சாம்ப்டோரியாவுக்கு ஆறாவது இடம். அந்த இடத்துக்கு அடுத்த வருடம் ஐரோப்பாவில் ஆடும் வாய்ப்பு கிடையாது. ஆக, வெம்ப்ளியில் ஜெயித்தால் மட்டுமே கதவு திறக்கும் என்ற நிலை.

ஐரோப்பியக் கோப்பையில் குழுச் சுற்று முதன்முதலாக வந்ததும் அந்த சீசனில்தான். நடப்புச் சாம்பியனான பெல்கிரேடின் ரெட் ஸ்டார், ஆண்டர்லெக்ட், பனாத்தினாய்கோஸ் மூன்றும் சாம்ப்டோரியாவின் குழுவில். யுகோஸ்லாவியாவில் போர் மூண்டிருந்ததால் ரெட் ஸ்டார் சொந்த மைதானத்தில் ஆட முடியவில்லை. ஏப்ரல் 1 அன்று பல்கேரியாவின் சோஃபியாவில் ஆட்டம். சாம்ப்டோரியா 3-1 என்று வென்றது. போஷ்கோவ் யுகோஸ்லாவியாவில் பிறந்தவர். தன் நாடு உடைந்துகொண்டிருந்த நேரத்தில், அந்த நாட்டின் சாம்பியனை அந்நிய மண்ணில் வைத்துத் தோற்கடித்த மனிதர் அன்று என்ன நினைத்திருப்பார்? அன்று எதிரணியில் ஆடிய சினிசா மிஹாய்லோவிச், இரண்டே வருடத்தில் சாம்ப்டோரியா சட்டை போட்டார்.

சோஃபியா ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்புதான், இன்னொரு உள்ளூர் கிளப்பான ஜெனோவா, அகிலேராவின் இரண்டு கோலில் லிவர்பூலை ஆன்ஃபீல்டிலேயே 2-1 என்று வென்றிருந்தது. அங்கே ஜெயித்த முதல் இத்தாலிய அணி அது. யுவேஃபா கோப்பை அரையிறுதி வரை போயிற்று. இரண்டு கிளப்புக்கும் மராஸ்ஸியில், சிறைச்சாலையை ஒட்டி நிற்கும் ஒரே மைதானம். ஒரே வசந்த காலத்தில் அந்த மைதானம் இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளுக்குக் கனவு கண்டது.

மறுபடி வெம்ப்ளி. சாம்ப்டோரியாவின் நடுக்களத்தில் 37 வயது செரேசோ. 1984இல் ரோமாவுக்கு ஆடி இதே கோப்பையின் இறுதியில் தோற்றவர். 100ஆவது நிமிடத்தில் வியாலியை எடுத்துவிட்டு பூஸோவை இறக்கினார்கள். 112ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் யூசெபியோ மீது சாம்ப்டோரியாவின் இன்வெர்னிட்சி தவறிழைத்ததாக நடுவர் ஊதினார். நடுவர் ஊதினால்தான் பெனால்டி என்பது போஷ்கோவின் புகழ்பெற்ற வாசகம். அன்று ஊதியது ஃப்ரீ கிக்குக்கு. ஸ்டாய்ச்கோவ் தட்டினார், பக்கேரோ நிறுத்தினார், கூமன் உதைத்தார். சாம்ப்டோரியா கோல்கீப்பர் பாலியூக்கா பாய்ந்தார், எட்டவில்லை. வியாலி பெஞ்சில் இருந்தார்.

அந்தக் கோடையிலேயே வியாலி யுவென்டஸுக்குப் போனார். 1996இல் அங்கே கேப்டனாக ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். மாந்தோவானி 1993இல் காலமானார். 2021 ஜூலை 11 அன்று புதிய வெம்ப்ளியில் இங்கிலாந்தைப் பெனால்டியில் வென்று இத்தாலி யூரோ கோப்பையை எடுத்தபோது பயிற்சியாளர் மான்சினி. அணிக்குழுவின் தலைவர் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த வியாலி. இருவரும் கட்டிப்பிடித்து அழுததை உலகமே பார்த்தது. 2022 டிசம்பரில் மிஹாய்லோவிச் போனார். மூன்று வாரம் கழித்து, 2023 ஜனவரி 6 அன்று, வியாலி. அந்த சீசன் முடிவில் சாம்ப்டோரியா இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 2025இல் மூன்றாம் டிவிஷனுக்குப் போகாமல் தப்பியதே பெரும்பாடு.

வெம்ப்ளி ஆட்டம் முடிந்த சில மாதங்களில் ஐரோப்பியக் கோப்பை சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறியது. தொலைக்காட்சிப் பணம் பெருகியது. பெரிய லீக்குகளுக்கு இடங்கள் கூடின. ஒரு வியாபாரி பத்துப் பன்னிரண்டு வருடம் பொறுமையாக ஓர் அணியைக் கட்டி இறுதி ஆட்டம் வரை கொண்டுவருவது இனி நடக்காது என்றே நினைக்கிறேன். 1992க்குப் பிறகு மிலான், யுவென்டஸ், இன்டர் ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்த இத்தாலிய கிளப்பும் அந்த இறுதி ஆட்டத்தில் ஆடியதில்லை.