கறுப்பின் மேல் பொன்

பழைய சிங்கர் தையல் இயந்திரத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் அழகு இரண்டே நிறங்களால் ஆனது என்பது தெரியும். மினுங்கும் கறுப்பு, அதன்மேல் கொடியும் பூவும் எழுத்துமாகப் பொன். அந்தப் பொன் கையால் தீட்டியதல்ல. தாளில் அச்சிட்டு, இயந்திரத்தின் மேல் ஒட்டி, பிறகு தாளை மட்டும் நீக்கிப் பதிக்கப்பட்ட படம். ஒட்டுப்படம் எனலாம். எங்கள் வீட்டில் அதற்குப் 'பூ வேலை' என்று பெயர்.

அம்மாவின் இயந்திரம் 15கே வகையைச் சேர்ந்தது. அந்தக் 'கே', ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் 1980 வரை இயங்கிய கில்போவி ஆலையைக் குறிக்கும். வரிசை எண் 'ஒய்' என்று தொடங்குவதால் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் செய்தது என்று கொள்ளலாம். அப்பா போன மறுவருடம், 1974இல், யாரோ பயன்படுத்தியதை அம்மா தவணைக்கு வாங்கினாள்.

பூ வேலை இப்போது பாதிக்குமேல் இல்லை. தேய்மானமும் சீரானதல்ல. மேற்கையில் உள்ள பெயரெழுத்துகள் அநேகமாக முழுசாக இருக்கின்றன. தூணில் ஏறும் கொடி மங்கியிருக்கிறது. துணி நகரும் பலகையிலோ, தைப்பவர் பக்கத்து விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்குப் பொன் என்பதே கிடையாது. துணி உரசி உரசி, இடதுகை அழுத்தி அழுத்திப் போன பொன் அது. எனக்கு அந்த வெற்றிடம் அம்மாவின் கையொப்பம் போல. பழம்பொருள் சேகரிப்பவர்களும் மூலப் பூ வேலையைத் தொடாதே என்றுதான் சொல்வார்கள்.

அம்மாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. தையல் கற்றுக்கொண்டிருக்கும் அண்ணன் மகளுக்கு இயந்திரத்தைக் கொடுப்பதென்று முடிவானபோது என்னை அழைத்துச் சொன்னாள்: "மிச்சம் இருக்கிறதையும் எடுத்துட்டுக் குடுடா. அந்தத் தேஞ்ச எடத்தப் பாத்தா, எந்த ராத்திரி எவ பாவாடைங்கறதுதான் ஞாபகம் வருது. அவளுக்கு எதுக்கு அது?"

இயந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தி 1924இல், பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜி. ராமச்சந்திரனுடன் உரையாடும்போது, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சோர்வதைக் கண்ட ஒருவனின் அன்பில் பிறந்தது அது என்பது அவர் சொன்ன காரணம். நல்ல கதைதான். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரம், விடியும்வரை மிதிபலகையை மிதித்தவளிடம் எடுத்துச் சொல்லக்கூடிய கதை அல்ல. நான் வாதாடவில்லை.

ஒட்டுப்படத்தை எடுப்பதில் சிக்கல் அதன் இருப்பிடத்தில் இருக்கிறது. அடியில் கறுப்பு: நிலக்கீலை எண்ணெயிலும் டர்பென்டைனிலும் கரைத்துப் பூசி, உலையில் சுட்டு இறுக்கிய பூச்சு. நடுவில் பொன். அதற்கு மேல் காப்பாக அவலரக்கு மெருகு. (அந்நாளில் உலகச் சந்தைக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போயிற்று. நம் காட்டுப் பூச்சியின் பிசின் கிளைட்பேங்க் போய்த் திரும்பியும் வந்திருக்கலாம்.) மூன்றும் சேர்ந்து தலைமயிர் கனத்துக்குச் சற்று ஏறக்குறைய இருந்தால் அதிகம். ஸ்பிரிட் தொட்டால் அரக்கு கரைந்து, படம் இல்லாத இடங்களும் பிசுபிசுத்து வெளுக்கும். தின்னரும் அசிட்டோனும் கறுப்பையே கெடுக்கலாம். உப்புத்தாளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே, முதல் இரண்டு நாள் மெஷின் எண்ணெய் மட்டும். பஞ்சில் தோய்த்துப் பூசி ஊறவிட்டுத் துடைப்பது, பஞ்சில் அழுக்கு வராமற்போகும்வரை. இதை அவசரப்படுத்தினால் பின்னால் வருவது அழுக்கா பெயின்ட்டா என்று தெரியாமல் போய்விடும். பிறகு கார்களுக்குப் போடும் மிக மென்மையான பாலிஷ். அதை முதலில் பலகையின் கண்ணில் படாத பின்புற மூலையில், ஒரு பூவிதழ் அளவு இடத்தில் சோதித்தேன். பழைய பருத்தி வேட்டித் துணியை விரல்நுனியில் சுற்றி, அழுத்தாமல், பத்துத் தேய்ப்பு, துணியைப் பார், மறுபடி பத்து. துணியில் மஞ்சளோ பழுப்போ வந்தால் அது அரக்கும் பொன்னும். கறுப்பு வந்தால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். பொன் மெல்லியது, சுட்ட கறுப்பு கெட்டி. அந்த வித்தியாசம் ஒன்றை நம்பித்தான் வேலையே. விளிம்புகளில் மட்டும் கறுப்பும் மெலிந்திருக்கும், அங்கே இன்னும் நிதானம்.

ஒரு கொடிக்கு ஒரு மாலை ஆயிற்று. பெயரெழுத்துகளைக் கடைசியாக எடுத்தேன். அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து துணிகளைச் சேர்த்து வைத்தாள். "தங்கமா சித்தப்பா இது?" என்று கேட்டாள். வெண்கலத் தூளாக இருக்கும் என்றேன்.

எல்லாம் முடிந்து, எண்ணெய் துடைத்து, மெழுகு பூசி, சன்னலோரம் வைத்தபோதுதான் அது தெரிந்தது. பொன் போன இடங்களில் கொடி அப்படியே இருந்தது, கறுப்பில் கறுப்பாக. சுற்றியுள்ள பூச்சு எத்தனையோ வருட வெளிச்சத்திலும் கைபட்டும் மங்கியிருக்க, படத்தின் அடியில் மூடியிருந்த கறுப்பு மட்டும் புதிதாகவே இருந்திருக்கிறது. நேரே பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்த்துப் பார்த்தால் இலை, நுனிச் சுருள், எழுத்து. அம்மாவின் பக்கத்து விளிம்பில் மட்டும் நிழலும் இல்லை. அங்கே மூடிக் காக்கப் பொன் எப்போதோ இல்லாமற் போயிருந்தது.

அம்மாவுக்குக் கண்புரை. சாய்த்துக் காட்டியும் தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்துவிட்டு, "வழவழன்னு இருக்கு" என்றாள். நிழலையும் போக்க இன்னும் தேய்க்க வேண்டும்; தேய்த்தால் கறுப்பு தாங்காது. அண்ணன் மகள் புதுப் பூ வேலை ஒட்டலாம் என்று வாங்கிவைத்த தாள், பிரிக்கப்படாமல் இயந்திரத்தின் இழுப்பறையில், பழைய பாபின்களோடு கிடக்கிறது.